மேல் தொட்டியில் தண்ணீர் குறைவதில்லை

இன்று காலை கரண்ட் போய்த் திரும்பியதும் மீன்தொட்டிக் குழாய் மறுபடி கொளகொளவென்று தொடங்கியது. குசினியிலிருந்து உம்மா, "வந்துட்டா ஒன்ட கூட்டாளி" என்றார். ஓயாமல் கதைப்பதால் அந்தக் குழாய்க்கு உன் பெயரை வைத்தவர் அவர்தான். பழக்கத்தில் சொல்லிவிட்டார். பிறகு தேங்காய் துருவும் சத்தம் சற்று நேரம் கேட்கவில்லை.

வலையில் வந்த இரண்டு கீளி மீன் குஞ்சுகளை நீ போத்தலில் கொண்டுவந்தபோது நம்மிடம் இருந்தது வெறும் கண்ணாடித் தொட்டி. கடலோரக் களப்பிலிருந்து அள்ளிய உப்புத் தண்ணீர் சில நாட்களிலேயே நாறியது. நான் நூலகப் புத்தகத்தை மடியில் வைத்து விளக்கினேன். தொட்டியின் மேல்விளிம்பில் ஒரு துளை வேண்டும். மிஞ்சும் தண்ணீர் அதன் வழியாகக் கீழே ஒரு பெட்டிக்குள் விழும். அங்கே வளரும் பாசி அழுக்கை உறிஞ்சும். மேலே இருந்தால் மீன் தின்றுவிடும் பொடி இறால்கள் அங்கே பயமில்லாமல் பெருகும். சிறிய மோட்டார் தண்ணீரைத் திரும்ப மேலே அனுப்பும்.

"அப்ப எங்கட கேம்ப் மாதிரி" என்றாய்.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உன் வாப்பா சிறு பிள்ளையாக வந்து இறங்கிய அகதி முகாம் அது. கொட்டில்கள் கல்வீடுகளான பிறகும் ஊர் அதைக் கேம்ப் என்றுதான் சொல்கிறது. கீழ்ப்பெட்டிக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

எல்லாவற்றையும் பொருத்தி நான் பெருமையோடு நின்றபோது நீ சுவிட்சை அணைத்தாய். மேலே போன தண்ணீர் அதே குழாய் வழியே கீழே பாய்ந்து, பெட்டி நிரம்பி, உம்மாவின் தொழுகைப் பாய்வரை ஓடியது.

"ரெண்டு பேரும் சேந்து என்ட வீட்டக் களப்பாக்கிட்டீங்க" என்றார் உம்மா.

நீ சிரித்துக்கொண்டே தரையைத் துடைத்தாய். "கரண்ட் போற நாட்டுல இருந்துக்கிட்டு, போகாத மாதிரியா தொட்டி செய்யிற?" பிறகு ஊசியைச் சுட்டு, மோட்டார்க் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டாய். மட்டம் சற்று இறங்கினால் போதும், அதில் காற்றுப் புகுந்து பாய்ச்சல் நின்றுவிடும். என் புத்தகத்தில் அது இருக்கவில்லை.

கீழ்ப்பெட்டியில் சிவப்புக் கோடு போட்டவளும் நீதான்.

"இதுக்குக் கீழ போனா பில்டர் தண்ணி ஊத்து. களப்புத் தண்ணி வேணாம்."

"ஏன்?"

"வெயிலுக்குத் தண்ணி தான் போகும் புள்ள, உப்பு போகாது. உப்பளத்துல வேல செய்யிறவர்ர மகள்ட்டயா கேக்கிற?"

காய்ச்சலோடு உன்னைச் சிலாபம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியபோது, வேன் கண்ணாடியை இறக்கி, "கோட்டப் பாத்துக்கோ" என்றாய். அவ்வளவுதான் நாம் கதைத்தது.

உன் ஜனாஸாவை வீட்டில் வைத்திருந்தபோது பார்த்தேன். உன்னை அடக்கிய மையவாடிக்கு நம் ஊரில் பெண்கள் போவதில்லை. உன்னிடம் வருவதற்கு எனக்கு இந்தத் தொட்டி மட்டுமே இருக்கிறது.

அதையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. மழைக்காலத்தில் ஒரு கீளி செத்தது. இப்போது பாசி வெளுத்துக் கரைகிறது. அழுகியதை அள்ளியும் தண்ணீரை மாற்றியும் பார்த்தேன். மற்ற மீன் மூலையில் கிடக்கிறது, இரையைத் தொடுவதில்லை. அது பிழைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்று உன் உம்மா வந்தார். தொட்டியைப் பார்த்து, "தண்ணி கொறையாம நல்லாத் தானே வெச்சிருக்கீங்க மகள்" என்றார்.

"ஓம் மாமி" என்றேன்.

எப்படிச் சொல்வது? மேலே எப்போதும் விளிம்புவரை நிற்கும். மொத்தத்தில் எவ்வளவு குறைந்தாலும் அது கீழ்ப்பெட்டியில்தான் தெரியும். வருகிறவர்கள் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நீ ஒருத்திதான் வந்தவுடன் மேசைக்கடியில் தலையை விடுவாய்.

மாமியும் நன்றாகத்தான் இருந்தார். முந்தானை ஒழுங்காக இருந்தது, தேத்தண்ணிக்குச் சீனி போதுமென்று சிரித்தார். வாசலில் விழுந்த அவருடைய குடையை எடுக்கக் குனிந்தேன். அவர் காலில் உன் நீலச் செருப்பு. வார் அறுந்த இடத்தை நீ மீன்பிடித் தங்கூசி நூலால் தைத்த அதே செருப்பு. அவருக்கு அது சிறிது. இரண்டு குதிகால்களும் வெளியே மண்ணில் பட்டுக்கொண்டிருந்தன.

அவர் வேலிப் படலை தாண்டிப் போகும்வரை கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து மேசைக்கடியில் குனிந்தேன். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. ஊற்றினேன்.