ஃபாரஸ்ட் கேட்டில் உன் அப்பாவின் ஊர்

நேற்று கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் பஸ்ஸுக்காக நின்றபோது, பக்கத்தில் ஒருத்தி சுடச்சுட உருளைக்கிழங்குப் பொரியலில் வினிகரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் புளித்த வாசனை என்னை நேராக நம் இருட்டறைக்குள் கொண்டுபோய் விட்டது. படம் கழுவும் மருந்தின் வாசனையும் அதுதானே. உன் விரல்களில் எப்போதும் அது இருந்தது. நீ போய் இரண்டு வருடமாகிறது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

எண்பதுகளின் நடுவில், ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் ஊர் அண்ணை ஒருவர் நடத்திய புகைப்படக் கடையில் நான் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. நீ லண்டனில் பிறந்த ஆர்மேனியப் பெண். என் வயதுதான், நாற்பது. கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருட்டறையைப் பாவிக்கலாமா என்று கேட்டு வந்தாய். கடைப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்ததால் நானும் வந்து கூட இருப்பேன். ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் நீ சொன்னதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. கோபிக்காதே.

உன் அப்பா துருக்கியின் கிழக்கே ஒரு மலையூரில் பிறந்தவர். 1915இல் அரசே ஆர்மேனியரைத் துரத்திக் கொன்றபோது, ஏழு வயதில் அங்கிருந்து துரத்தப்பட்டு, வழியில் தாயையும் தங்கையையும் இழந்து, தனியே தப்பியவர். அவர் இறந்தபின் நீ கமராவுடன் அந்த ஊரைத் தேடிப் போனாய். உங்கள் ஆட்கள் ஒருவரும் அங்கே மிஞ்சியிருக்கவில்லை. தேவாலயத்துக்குள் வைக்கோல் அடுக்கியிருந்தார்கள். சிலுவையும் எழுத்தும் செதுக்கிய கல் ஒன்று ஒரு வீட்டுக்கு வாசற்படியாகத் தலைகீழாகக் கிடந்தது.

"ஆர்மேனியர் இங்கை இருந்ததே இல்லையெண்டு அந்தப் படியிலை நிண்டுகொண்டு ஒருத்தர் சொன்னார். நான் அவரின்ர காலுக்குக் கீழ இருந்ததைப் படமெடுத்தன்" என்றாய்.

அந்தப் படங்களைக் காட்சிக்கு வைக்க ஒரு மண்டபம் ஒத்துக்கொண்டது. திறப்பதற்கு மூன்று நாள் இருக்கையில், யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்கள் என்று பொறுப்பாளர் உன்னைக் கூப்பிட்டார். 'ஆர்மேனியத் தேவாலயம்' என்று நீ எழுதியிருந்த இடங்களில் 'பழைய கட்டடம்' என்று மாற்றினால் போதும் என்றார். நீ பன்னிரண்டு படங்களையும் கழற்றிப் பெட்டியில் போட்டு, மழையில் நனைந்தபடி நேரே கடைக்கு வந்தாய்.

"ஒரு சொல்லுத்தானே எண்டு சொல்லினம். அந்தச் சொல்லை விட்டா, என்ர அப்பா எங்கை பிறந்தவர்?"

நான் அண்ணையிடம் போய், கடைக் கண்ணாடிக்குள் அவற்றை வைக்கலாமா என்று கேட்டேன்.

"எங்களுக்கேன் பிள்ளை மற்றாக்களின்ர பிரச்சினை? உன்ர கேஸே இன்னும் முடியேல்லை."

"ஓம் அண்ணை. அதுக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலுமோ?"

அவர் கண்ணாடிக்குள் இருந்த கல்யாணப் படங்களைத் தானே எடுத்து ஒதுக்கினார்.

உன் படங்களை வைத்த ஐந்தாம் நாள் காலை கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. நடுவில் ஒரு செங்கல். நீ ஓடிவந்து, என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கிக் கூட்டினாய். "வைச்சது காணும். உங்களுக்கு இடைஞ்சல் வேண்டாம், கழட்டுவம்" என்றாய். அன்றைக்குத்தான் முதன்முதலாக உன்னோடு சண்டை பிடித்தேன்.

"தொடாதை. இது இப்ப எங்கட பிரச்சினையும்தான்."

அண்ணை போய்ப் பலகை வாங்கி வந்து, உடைந்த இடத்தை அடைத்தார். பிறகு படங்களை வாங்கி, பொலித்தீன் சுற்றி, பலகையின் வெளிப்பக்கத்தில் தெருவைப் பார்த்து ஒவ்வொன்றாக ஆணியடித்தார். "உள்ளுக்கு வைச்சாத்தானே கண்ணாடி உடைக்கவேணும்" என்றார். நீ சிரித்துக்கொண்டே அழுதாய்.

அடுத்த ஞாயிறு, நகரின் மறுகோடியிலிருந்து வயதான ஆர்மேனியர் ஒருவர் வந்தார். தலைகீழ்க் கல்லின் படத்துக்கு முன்னால் குனிந்து, கழுத்தைத் திருப்பி, உனக்கு வாசிக்கத் தெரியாத அந்தப் பழைய எழுத்தை உரக்க வாசித்தார். ஒரு மகள் தன் தாய்க்காக வைத்த கல் அது. தெருவிலேயே நின்று அந்த வரியையும் படத்தின் கீழே எழுதினாய்.

அதன்பிறகு பத்து வருடம் நீ அந்த மலையூர்களுக்குப் போய்க்கொண்டே இருந்தாய். இரண்டு தடவை பிலிமைப் பறித்தார்கள். மூன்றாவது தடவையும் போனாய். நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "வாற கோடைக்கு டிக்கெட் போட்டிட்டன்" என்றாய். இந்த உடம்போடா என்று கேட்டேன். "வேற உடம்பு என்னட்டை இல்லை" என்றாய். அந்தக் கோடையை நீ காணவில்லை.

போன மாதம் என் தம்பி ஊரிலிருந்து எங்கள் வீட்டின் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். கூரை இல்லை. சுவரெல்லாம் ஓட்டை. பிள்ளைகள் பார்க்க வேண்டாம், மேசை லாச்சிக்குள் வை என்றார் என் கணவர். நான் அதைப் பெரிதாக்கி முன்னறையில் மாட்டினேன். விருந்துக்கு வந்த ஒரு அக்கா, "ஏன் பிள்ளை, இடிஞ்ச வீட்டைப் போய் மாட்டி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார்.

"அது இடிச்ச வீடு அக்கா" என்றேன். "ஆர் இடிச்சதெண்டு கேளுங்கோ, சொல்லுறன்."