அவசரத்துக்கு உன் நம்பர்

பச்சமலை சைக்கிள் பயணத்துக்கான விண்ணப்பம் இந்த வருஷமும் போனுக்கு வந்துவிட்டது. பெயர், வயது, ரத்த வகை எல்லாம் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே, ‘அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்?’ என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் மேலே போக விடமாட்டேன் என்கிறது. மூன்று நாளாகத் திறந்து பார்ப்பதும் மூடி வைப்பதுமாக இருக்கிறேன்.

முதல் வருஷம் அது நமக்கு ஒரு கேலி. நான் உன் நம்பரைப் போட்டேன், நீ என் நம்பரைப் போட்டாய். பயணம் புறப்படும் பெரம்பலூரில், இந்த விவரமெல்லாம் அச்சடித்த அட்டையைக் கொடுத்த பெண் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“சார், ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறீங்க. ரெண்டு பேருமே வுழுந்துட்டா நாங்க யாரைக் கூப்பிடுறது?”

“வுழுந்தா இவன்தாம்மா வுழுவான். நான் வுழ மாட்டேன்” என்றாய். பஸ்ஸில் சில்லறை இல்லாமல் ஏறுபவர்களை நீ மடக்கும் அதே கண்டக்டர் குரல்.

நம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளம் உண்டே தவிர, ஏறிப் பழகுவதற்கு ஒரு மலை கிடையாது. அதனால் ரயில்வே மேம்பாலத்தையே மலையாக்கினோம். சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்னால் இருபது முறை ஏறி இறங்க வேண்டும். எண்ணுவது உன் வேலை. ஒவ்வொரு முறை உச்சிக்கு வந்ததும் பின்னாலிருந்து “போலாம் ரைட்” என்று கத்துவாய். நடக்க வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், எனக்கு மானம் போகும். சைக்கிள் கனமாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்று நான் சொன்னபோது நீ விடவில்லை. “எடை மேடையில உக்காந்து ஊர் லாரியெல்லாம் எடை போடுற. சைக்கிள் மேல உக்காந்திருக்கிற லோடு எவ்வளவுன்னு என்னைக்காவது போட்டுப் பாத்தியாடா?”

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போன் செய்து, பாடாலூர் வரை போய்வரலாம் என்று கூப்பிட்டாய். எனக்குத் தூக்கம். ஷிஃப்ட் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

ஏழரை மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. பாடாலூர் டீக்கடைக்காரர்.

“சைக்கிள்ல வந்தவரு டீ சொல்லிட்டு உக்காந்தாருங்க. அப்புடியே சாஞ்சுட்டாரு. ஆம்புலன்ஸ் வந்து பாத்துட்டு, உயிரு இல்லைங்கிறாங்க. போனைத் தொறக்க முடியல. சீட்டுக்குக் கீழ பையில ஒரு அட்டை இருந்துச்சு, அதுல உங்க நம்பருதாங்க போட்டிருக்கு.”

கேலிக்குப் போட்ட நம்பர் அன்றைக்கு வேலை செய்துவிட்டது. உன் மனைவியிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நானாகிப் போனேன். ஷிஃப்ட் என்று உன்னிடம் சொன்ன பொய்யை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

இப்போதும் மேம்பாலத்துக்குப் போகிறேன். பத்துக்கு மேல் கணக்குத் தப்புகிறது. உச்சியில் நின்று யாருக்காகவோ காத்திருந்துவிட்டு இறங்குகிறேன். தனியாக இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவனுக்கு அந்தக் கட்டத்தில் போட யார் இருக்கிறார்கள்? ஜெயங்கொண்டத்து அக்காவுக்குக் காது மந்தம், போன் அடிப்பதே கேட்காது. எடை மேடைக்காரர்களோ, இந்த வயதில் உனக்கு ஏன் மலை என்று கேட்பவர்கள். ஐம்பத்திரண்டு வயதில் போடுவதற்கு ஒரு பத்து இலக்க நம்பர் தேறவில்லை.

நேற்றுச் சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். உன் போனை இன்னும் சார்ஜ் போட்டு டிவி பக்கத்தில் வைத்திருக்கிறாள் உன் மனைவி. அந்தக் கட்டத்தில் போட அவள் நம்பரைக் கேட்பதற்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கூட வந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்பதையும் சொன்னேன்.

உன் போனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“தெரியும்ண்ணே. ‘ஷிஃப்டாம், போர்வைக்குள்ளேருந்து பேசுறான்’னு சிரிச்சிக்கிட்டேதான் வூட்டவுட்டுக் கெளம்புனாரு.”

விண்ணப்பம் திறந்திருந்த என் போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “அவரு நம்பரே இருக்கட்டும். எடுக்க நான் இருக்கேன். ஆனா வுழுவாம வாங்க. இப்ப ஒரு தடவ அடிச்சுப் பாருங்க, மணி கேக்குதான்னு” என்றாள்.

அழைத்தேன். டிவி பக்கத்தில் உன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் சட்டென்று சிரித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். இத்தனை வருஷம் உன்னை அழைத்திருக்கிறேன், நீ என்னை என்ன பெயரில் வைத்திருந்தாய் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

‘லோடு’ என்று இருந்தது.

அவள் சிரிக்க, நான் அழுதேன். அழைப்பைத் துண்டிக்க மனம் வராமல், அது தானாக ஓயும்வரை அடிக்கவிட்டேன். விண்ணப்பத்தை அங்கேயே அனுப்பிவிட்டேன். அட்டை வந்ததும் சீட்டுக்குக் கீழே பையில் வைத்துக்கொள்வேன். இந்த வருஷமும் அதில் உன் நம்பர்தான்.