பின்சீட்டில் படுத்துப் பார்த்தேன், மச்சான்

மச்சான்,

இன்று காலை ஜீப்புக்கு அடியில் படுத்து, பின்பக்கத்து ஷாக் அப்சார்பரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். எண்ணெயும் புழுதியும் குழைந்த கறுப்பு விரலில் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனேன். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். "எண்ணெ வேர்த்திருச்சு மாப்ள, இனி ரொம்ப நாள் தாங்காது" என்பீர்கள். உங்களுக்காக மாட்டிய ஜோடிதான் அது. மாற்றியாக வேண்டும், கைதான் வரவில்லை.

உங்களோடு உதிரிபாகக் கடைக்குப் போவது ஒரு ரோதனை. வத்தலக்குண்டுக் கடைக்காரர் பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்ததை எடுத்து வைப்பார். நீங்கள் பெயின்டைப் பார்க்கவே மாட்டீர்கள். தண்டை உள்ளே அழுத்தி, அது ஒரே சீராக வெளியே வருகிறதா, நடுவில் திக்குகிறதா என்று பார்ப்பீர்கள். ரப்பர் புஷ்ஷை நகத்தால் கிள்ளுவீர்கள். வெல்டிங் ஓரத்தை விரலால் தடவுவீர்கள். "ரெண்டு வருசம் கேரண்டிண்ணே" என்று அவர் அட்டையை நீட்டினால், "அட்டைய மாட்டிக்கிட்டு மலையேற முடியாதுல்லங்க" என்று சிரிப்பீர்கள். நான் வெளியே போய் டீ குடிப்பேன்.

அதோடு முடிந்ததா? மாட்டிய பிறகு என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, வடகவுஞ்சியிலிருந்து பெருமாள்மலை வரைக்கும் பின்னால் உட்கார்ந்து வருவீர்கள். "ஸ்டியரிங் பிடிச்சவனுக்கு எந்த வண்டியும் நல்லாத்தான் ஓடும். பின்னாடி உக்காந்து பாத்தாத்தான் தெரியும் மாப்ள." ஜீப் ஸ்டாண்டில் உங்களுக்குப் பின்சீட்டு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்ததே நான்தான்.

பிறகு இடுப்பெலும்பில் அந்த நோய் வந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரி. நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய வண்டியில், பின்சீட்டில் மெத்தை விரித்து, உங்களைப் படுக்கவைத்து, தலைமாட்டில் உங்கள் தங்கையை உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். பழைய ஷாக் அப்சார்பர் செத்துப்போய் வண்டி தூக்கிப் போட்டது. உங்களுக்கு வலிக்கக் கூடாது என்று நானே போய்ப் புதுசு வாங்கினேன். சிவப்புப் பெயின்ட் அடித்ததைத்தான் வாங்கினேன், மச்சான்.

மறுநாளே வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு இறங்கினேன். கூரை தொட மூட்டை. வண்டி தொட்டில் மாதிரி இறங்கியது. எனக்கு அவ்வளவு பெருமை. நம்மைப் போல மூட்டை ஏற்றுகிற ஆள்தான் இப்படி ஏமாறுவான். அது பாரத்துக்கென்றே விறைப்பாகச் செய்தது. மூட்டை இல்லாமல் மூன்று பேர் மட்டும் போனால் இம்மியும் அமுங்காது. பூண்டை ஏற்றிச் சோதித்துவிட்டு, உங்களை ஏற்றிக்கொண்டு போனேன்.

முதல் பயணத்தில் ஊத்து கிராமம் தாண்டியதும் கேட்டேன். "எப்படி இருக்கு மச்சான்?"

"அருமையா இருக்கு மாப்ள. வெரசாப் போங்க."

நானும் மகிழ்ந்துபோய் வேகமாகத்தான் போனேன். மூன்று பயணமும் அப்படியே கழிந்தது. மூன்றாவது தடவை வீடு திரும்பி உங்களைப் படுக்கவைத்த பிறகு, உங்கள் தங்கை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். மணிக்கட்டைக் காட்டினாள். நகம் பதிந்து கன்றியிருந்தது.

"வளைவுக்கு வளைவு அண்ணன் என் கையப் பிடிச்சு நசுக்குது. சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு பல்லக் கடிக்குது. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கு."

மறுநாள் வெள்ளனே ஸ்டாண்டிலிருந்து ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, உங்கள் மெத்தையில் நான் படுத்தேன். பெருமாள்மலை வருவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரு நோயும் கிடையாது.

வந்த வேகத்தில் உங்களிடம் சண்டை போட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஆசையா வாங்கிப் போட்டிருக்கீங்க. அதுல போயி நொட்டை சொல்லச் சொல்றீங்களா?" என்றீர்கள். ஊரில் இருக்கிற எல்லாக் கடைக்காரனுக்கும் நொட்டை சொன்ன ஆள் நீங்கள். எனக்கு மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தீர்கள்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அன்றே வத்தலக்குண்டு போனேன். தண்டை அழுத்தினேன், ரப்பரைக் கிள்ளினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மங்கிய கறுப்பில் ஒரு ஜோடி அமைந்தது. மாட்டி, ஆளை ஓட்டவிட்டு, நான் படுத்தபடியே மலையிறங்கி ஏறினேன். அதற்குப் பிறகுதான் உங்களை ஏற்றினேன்.

ஊத்து தாண்டியதும் பழக்க தோஷத்தில் கேட்டேன். "எப்படி இருக்கு மச்சான்?" கண்ணாடியில் பார்த்தால், உங்கள் தங்கை உதட்டில் விரல் வைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். மூன்று இரவாகக் கண் மூடாதவர், வத்தலக்குண்டு வரைக்கும் அசையவில்லை. அதுதான் நாம் போன கடைசி மதுரைப் பயணம். அடுத்த தேதி வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

புது ஜோடி பெட்டியோடு முன்சீட்டில் கிடக்கிறது. நாளைக்கு மாட்டிவிட்டு, உங்கள் மெத்தையில்தான் படுத்துப் பார்ப்பேன்.

இன்றைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றுகிறேன், மச்சான். எப்படி இருக்கிறது என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. பின்னாலிருந்து யாராவது "வெரசாப் போங்க" என்றால், வண்டியை மெதுவாக்குகிறேன்.