பதினேழாம் நம்பர் அட்டை

மார்ச் 3

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

இங்கே நலம். கிடங்கு வேலை வழக்கம்போல. சிகரெட் பெட்டிக்குள் வரும் ஐம்பது நடிகை அட்டைகளில் நாற்பத்தொன்பதை ஆல்பத்தில் ஒட்டியாகிவிட்டது. பதினேழாம் நம்பர் மட்டும் பாக்கி. போன கடிதங்களிலும் எழுதினேனே, கடை விளம்பரத்தில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பாளே, அவள்தான். எந்தச் சிகரெட் பெட்டியைப் பிரித்தாலும் பன்னிரண்டாம் நம்பர் குண்டம்மாவே பல்லைக் காட்டுகிறாள். இந்த ஊருக்கு வரும் பெட்டிகளில் அட்டை வைப்பது உன் மேஜைதானே? ஒரு பதினேழு அனுப்பக் கூடாதா?

உன் கிடங்குக் கணக்கர்

மார்ச் 9

அன்புள்ள கணக்கருக்கு,

ஆலையிலிருந்து அட்டையை வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும். அவளை நாள் முழுக்கத் தட்டில் பார்க்கிறவள் நான். கன்னத்தில் இருப்பது மச்சமல்ல, அச்சு மை. துணிக்கடையில் பாருங்கள், எட்டாத தட்டில் இருப்பதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். இறக்கிக் கொடுத்தால் நாலு துவைப்புக்கு வராது.

மூன்று கடிதமாக அவள் புராணம். என் பல்வலி போயிற்றா என்று ஒரு வரி உண்டா?

படத்தில் இல்லாத உங்கள் மனைவி

மார்ச் 15

என் கோபக்காரிக்கு,

பல்வலி போயிற்றா? காகிதத்தின் மேலா பொறாமை? ஒரு பெட்டியில் தொடங்கியவன் இப்போது நாளுக்கு மூன்று பிரிக்கிறேன். வாங்கியதை வீணாக்க மனம் வருமா? இருமலில் விலா வலிக்கிறது. "இந்தப் புகை எவ்வளவு நாளைக்கு?" என்றார் டாக்டர். "பதினேழு வரைக்கும்" என்றேன். "பதினேழு நாளா? உடம்பு தாங்காதுய்யா!" என்கிறார் மனிதர்.

அவள் வந்ததும் விட்டுவிடுவேன்.

உன்னவன்

மார்ச் 21

என்னவருக்கு,

அவள் வரமாட்டாள். இரண்டு மாதமாக அவளை உங்கள் ஊர்ப் பெட்டிகளில் நான் வைக்கவே இல்லை. பெட்டிக்கு ஒரு அட்டை இருந்தாக வேண்டுமே, அதனால் அவள் இடத்தில் குண்டம்மாவை வைத்தேன். "என்னடி, குண்டம்மா மட்டும் இப்படித் தீர்ந்து போறா, அந்த ஊர்ல அவ்வளவு கிராக்கியா அவளுக்கு?" என்று மேற்பார்வை அக்காகூடக் கேட்டாள். கிடைக்காவிட்டால் சலித்துப்போய் மறந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் இன்னொரு பெட்டி வாங்குவீர்கள் என்று தோன்றவில்லை. உங்களை இரும வைத்தது அவளல்ல, நான்.

இன்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி, மேஜைக்கடியில் ஒளித்து வைத்திருந்த பதினேழாம் நம்பர் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தேன். திட்டித் தீர்த்தாள். பிறகு ஒன்றை எடுத்து, "அந்த மனுஷனுக்கு முதல்ல இத அனுப்பு" என்றாள். உறையில் இருக்கிறது. ஒட்டிக்கொள்ளுங்கள்.

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அவள் நேரில் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பொறாமைக்காரி