இரண்டு மணை போட்டு ஆடியவனுக்கு

நேற்று உன் வீட்டுக்காரம்மா உன்னுடைய சதுரங்கப் பலகையை என் ஜவுளிக் கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். சுற்றியிருந்த பழைய வேட்டியைப் பிரித்ததும் கடை முழுக்க உன் மூக்குப்பொடி வாசம். இரண்டு தும்மல் போட்டேன், பிறகு அழுதேன். துணி எடுக்க வந்த மம்சாபுரத்துச் சம்சாரி, பொடியின் காரம் என்று நினைத்திருப்பார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வகுப்பு எடுத்துவிட்டு வந்தால் உனக்கு இந்தப் பலகைதான். இரண்டு பக்கமும் மணை போட்டிருப்பாய். வெள்ளைக் காயை நகர்த்திவிட்டு எழுந்து, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து கறுப்பை ஆடுவாய். முழங்கால் தேய்ந்துவிடும் என்று வீட்டில் சண்டை. ஆட்டம் என்றால் நாலு பேர் வேண்டும், காபி வேண்டும், வம்பு வேண்டும் என்பது என் கட்சி. அதற்காகத்தானே பஜார் மாடியில் கிளப் ஆரம்பித்து, நானே செயலாளராகவும் ஆனேன். நீ ஒரே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "இங்க வாய்தாம்லே ஆடுது, காய் ஆடல" என்று போய்விட்டாய்.

ராஜபாளையம் கிளப்போடு கோப்பைப் பந்தயம் வந்தபோது உன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ரயிலேற்றினேன். மற்ற ஆட்டங்கள் சரிக்குச் சரி. உன் ஆட்டம்தான் பாக்கி. எதிராளியின் யானையை நீ மடக்கிவிட்டாய். அவர் கவனிக்காமல் வேறு காயைத் தொடப் போனார். நீயோ, "ஐயா, யானை போயிரும். குதிரைய முன்னால வைங்க" என்றாய். அவரும் வைத்தார். கோப்பை போயிற்று.

ஸ்டேஷனில் அத்தனை பேர் முன்னால் உன்னைப் பிடித்துக் கத்தினேன். "ஏலே, நீ எந்த ஊர்க்காரன்?" உனக்குக் கோபமே வரவில்லை.

"தெரிஞ்சும் எப்படிலே சும்மா இருக்க? அவரு பாக்கல."

இனி கிளப் பக்கம் வராதே என்றேன். நீ எங்கே வந்தாய், நான்தானே இழுத்து வந்தேன். மூன்று மாதம் பேச்சில்லை. கிளப்பில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எனக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் மன்னிப்புக் கேட்பதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே உன் வீட்டுக்கு வந்தேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செத்த நேரம் இரு. கறுப்புக்காரன் யோசிக்கான்" என்றாய். பிறகு எதிர் மணையைக் காலால் என் பக்கம் தள்ளினாய். விளக்கு வைக்கும்வரை ஆடினோம். எனக்கு வேண்டிய நகர்த்தலையெல்லாம் நீயே சொன்னாய், நான் ஜெயித்தேன், நீ சிரித்தாய். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். அதற்கப்புறம் எத்தனை சாயங்காலங்கள், ஒரு நாளும் சொல்லவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு, போன வாரம்தான் மறுபடி ராஜபாளையத்தில் பந்தயம் நடந்தது. இந்த முறை கடைசி ஆட்டம் என்னுடையது. எதிரில் கண்ணாடி போட்ட ஒரு மில் கணக்கப்பிள்ளை. இன்னும் ஒரே நகர்த்தலில் அவருடைய ராஜா என் கையில். அவர் கை தவறான காய்க்குப் போயிற்று. வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், முடியவில்லையடா. "ராஜாவப் பாருங்கய்யா" என்று சொல்லிவிட்டேன்.

தோற்றோம். இப்போதைய செயலாளர், அன்று நான் உன்னைக் கேட்டதையே என்னைக் கேட்டார். "அவரு பாக்கல" என்றேன். உன்னிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு அதுதான் என்று வைத்துக்கொள்.