நீலத் தொட்டிக்குத் தெற்கே

நாவலூர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஷ்யாம்சுந்தருக்கு, பென்னி எழுதுவது.

நீ அனுப்பிய விமானக் கைப்பிடி உடையாமல் வந்து சேர்ந்தது. நன்றி. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்களுக்கு ஒதுக்கிய குடியிருப்பில் ஒரே அறை. நான் பேசினால் அப்பா காதில் விழும். இதை அவர் கேட்கக் கூடாது.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பார்க்க நான் கட்டிய காக்பிட் முடிந்துவிட்டது. ஷேர் ஆட்டோவின் பழைய சீட், பிளைவுட், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொறுக்கிய சுவிட்சுகள், நான் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அபார்ட்மெண்டில் தூக்கிப்போட்ட மானிட்டர்கள். கட்டிலை மடக்கினால்தான் அதற்கு இடம். "மன்சன் காலு நீட்ட எடமில்ல, இவனுக்கு ஏரோப்ளேன் கேக்குது" என்று அம்மா திட்டினார். திட்டிக்கொண்டே சீட்டுக்கு உறையும் தைத்துக் கொடுத்தார்.

அப்பா பாதி வாழ்நாளை விமானங்களுக்குள் குப்பை அள்ளிக் கழித்தவர். கடைசிவரை ஒப்பந்தக் கூலிதான். ஒரு முறைகூடப் பறந்ததில்லை. இறங்குகிற விமானமெல்லாம் எங்கள் ஏரிக்கரை வீட்டுக் கூரைக்கு மேலேதான் போகும். "மேலர்ந்து பாத்தா நம்ம வூடு எப்டிடா தெரியும்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார். நுரையீரலில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் ரம்பத்தைக் கையில் எடுத்தேன்.

ஏரி ஆக்கிரமிப்பு என்று வீட்டை இடித்தது அவருக்குத் தெரியாது. அன்று ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தார். வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம், ஏரி ஈரம் நுரையீரலுக்கு ஆகாது, இங்கே லிஃப்ட்டும் இருக்கிறது என்பதால் வந்தோம் என்று சொல்லியிருக்கிறோம். அந்த லிஃப்ட் ஓடி யாரும் பார்த்ததில்லை. அவரைத் தூக்கித்தான் மாடி ஏற்றினோம்.

மென்பொருள் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதையே போட்டேன். உலகத்தை நேராக இணையத்திலிருந்து இழுத்துக் காட்டும், அசலாகவே இருக்கும் என்றாய். போன் மேப்பில் எங்கள் வீடு இன்னும் நிற்கிறது. கூரைத் தகரம் பறக்காமல் இருக்க அப்பா தூக்கிவைத்த டயர்கூடத் தெரிகிறது. இதிலும் அதே படம்தான் வரும் என்று நினைத்தேன். முதலில் நான் ஓட்டிப் பார்க்காமலே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன்.

குன்றத்தூர் மலையை இடப்பக்கம் விட்டு இறங்கினேன். உங்கள் அபார்ட்மெண்ட் மொட்டைமாடியின் நீலத் தண்ணீர்த் தொட்டி பளிச்சென்று தெரிந்தது. அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை இழுத்துவிட்டு, "அதோ, ஷ்யாமு வூட்டு டேங்கு! அதுக்குத் தெக்கால பாரு" என்று கத்தினார். தெற்கே வெறும் மண். வேலி, ஒரு நடைபாதை. திருப்புடா என்றார். திருப்பினேன். மறுபடியும் திருப்பச் சொன்னார். மூச்சு இழுத்தது. கடைசியில், "வழி தப்பிட்டடா பென்னி. இது வேற ஏரி. டிரைவர் சரியில்ல" என்று சிரித்தார். ஆமாம்பா என்றேன்.

நேற்று அவராகவே, "வூட்டு சாவிய எங்க வெச்சிகீற?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கோபப்படாமல் எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏரியை மீட்கச் சொல்லி மனு கொடுத்த குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு உன் அப்பா பத்ரிநாராயணன் சார்தான் செயலாளர். உங்கள் கட்டடமும் அதே ஏரிக்குள்தான் நிற்கிறது. மழைக்காலத்தில் உங்கள் கார் நிறுத்தும் இடத்தில் நாம் இரண்டு பேரும் மீன் பிடித்திருக்கிறோம். உங்களுக்குப் பட்டா வந்தது, எங்களுக்கு ஜேசிபி வந்தது. எங்கள் அடுப்பு இருந்த இடத்தில் சார் இப்போது காலை நடை போகிறார். எனக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

இன்னொரு மென்பொருள் இருக்கிறது. மேகமும் மழையும் அவ்வளவு அழகாக வராது என்று ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு இணையம் வேண்டாம். தரையின் படத்தை நாமே ஹார்டு டிஸ்கில் சேமித்து உள்ளே போட்டுவிடலாம். போட்டால் அப்படியே இருக்கும், எவனும் வந்து மாற்ற முடியாது. நான் முயன்று பார்த்தேன், பிடிபடவில்லை. நீ மேப் படங்களைக் கையாளும் வேலையே செய்கிறவன். மேப்பில் இருக்கும் பழைய படத்தை இறக்கித் தயார் செய்து, மாதக் கடைசியில் ஊருக்கு வரும் உன் தங்கை ஸஹானாவிடம் கொடுத்தனுப்பு. அதற்கு முன்னால் வேறு யாராவது வந்தால் அவர்களிடம் கொடு. அந்த மேப் எந்த நாளும் மாறிவிடலாம். டாக்டரும் நாள் எதுவும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். படத்தை வெட்டும்போது உங்கள் அபார்ட்மெண்டை விட்டுவிடாதே. அந்த நீலத் தொட்டியை வைத்துத்தான் அப்பா வீட்டுக்கு வழி கண்டுபிடிப்பார்.

உன் அப்பா நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
எலியேசர் மகன் பென்னி