பச்சை நோட்டில் இல்லாத வார்த்தை

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து சாரல். போத்தனூரில் ரயில்வே கேட் மூடிக் கிடந்ததில் 7.50 பஸ் போச்சு. முதல் பீரியட் பாதியில் நுழைந்தேன். குடை வகுப்பிலேயே மறதி.

முக்கியம்: சனிக்கிழமை பிளேஸ்மென்ட் தேர்வு. பயோடெக் முதல் வருடத்துக்கு மட்டும், ஒரே ஒரு தடவை. நூற்றுக்கு அறுபது எடுத்தால் அடிப்படை உயிரியல் பேப்பர் படிக்காமலே நாலு கிரெடிட். அந்த நேரத்தில் திசு வளர்ப்பு லேபுக்கு இப்போதே போகலாம். மற்றவர்களுக்கு அடுத்த வருடம்தான். அந்த லேபுக்காகத்தான் இந்தக் காலேஜே. சேர வந்த அன்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன், பாட்டிலுக்குள் விரல் உயரத்தில் வாழைக்கன்றுகள். இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

சிக்கல்: கேள்வித்தாள் இங்கிலீஷில். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். உயிரியலில் பள்ளியிலேயே முதல் மார்க், ஆனால் எல்லாம் தமிழில்.

தாரணி (இனி தா., கை வலிக்கிறது) நேர் எதிர். ஆர்.எஸ்.புரம் வீடு, இங்கிலீஷ் மீடியம், ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப். எங்கள் கிளாஸ் ரெப். பத்து நாளாக எங்களுக்குள் ஒப்பந்தம்: நான் உயிரியல் சொல்லித் தருவது, அவள் இங்கிலீஷ் சொல்லித் தருவது. பச்சை நோட்டில் இரண்டு பத்தி.

சவ்வூடு பரவல் – ஆஸ்மாசிஸ்
குன்றல் பகுப்பு – மியாசிஸ்
இலைத்துளை – ஸ்டொமேட்டா

"குன்றல்னா என்னடி, குன்றா? மலையா?" என்றாள் தா. கேன்டீனே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

ஜூலை 17, வியாழன்

பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட துண்டு பக்கத்து வீட்டு மரத்தில்.

சாயங்காலம் தா. வீடு. அவள் அம்மா போட்ட காபியில் சர்க்கரையே இல்லை, கேட்கக் கூச்சம். செல் பிரிவதை மண்டையில் ஏற்ற மூன்று மணி நேரம். கடைசியில் அவளுடைய ஹேர் கிளிப்புகளைக் கட்டிலில் ஜோடி ஜோடியாக வைத்துப் பிரித்துக் காட்டினேன். டக்கென்று பிடித்துக்கொண்டாள்.

"உன்ன மாதிரி ஒருத்தர் எங்க ஸ்கூல்ல இருந்திருந்தா நானும் பயாலஜி எடுத்திருப்பேன் கௌசி."

"பேப்பர் மட்டும் தமிழ்ல வந்தா எத்தன நல்லாருக்கும்!" என்றேன் நான்.

நோட்டைப் பார்த்துக்கொண்டே, "அடுத்தது என்ன?" என்றாள்.

அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

ஜூலை 19, சனி

"கண்ணு, ரெண்டு இட்லியாச்சும் தின்னுபோட்டுப் போ" என்றாள் அம்மா. ஒன்றுதான் இறங்கியது.

தேர்வு. நோட்டில் இருந்த வார்த்தைகள் அத்தனையும் வந்தன. ஆனால் நடுநடுவே சாதாரண வார்த்தைகள்தான் மிரட்டின. உப்புத் தண்ணீர் பற்றிய பத்து மார்க் கேள்வியில் 'வில்' என்று நினைத்த இடத்தில் கடைசியில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. அச்சுப்பிழை. அதற்குப் பின் ஒரு வார்த்தையும் விட்டுப்போயிருக்கிறது என்று நானே 'வளரும்' என்று சேர்த்துக்கொண்டேன். உப்புத் தண்ணீரில் செடி எப்படி வளரும்? அலையாத்தி மரங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். திருப்தி.

ஜூலை 23, புதன்

வெயில். ரிசல்ட். எனக்கு 54. தா. 63.

அவளைக் கட்டிக்கொண்டேன். பொய்யில்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, பாத்ரூமில்.

'வில்ட்' என்றால் வாடுவது. அகராதியில் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் செடி ஏன் வாடுகிறது, அவ்வளவுதான் கேள்வி. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எங்கள் வீட்டு வாசலில் கறிவேப்பிலைச் செடி தினமும் மதியம் வாடுகிறது.

பஸ் ஸ்டாப்பில் பி செக்‌ஷன் சங்கீதா. அவளும் தமிழ் மீடியம், 71 வாங்கியிருக்கிறாள். எப்படி என்று கேட்டேன். பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ்.

"தமிழ்லயும் வேணும்னு ஃபாரம் குடுத்தா தருவாங்கல்ல. உங்க ரெப் சொல்லலியா?"

'செடிகள் வாடுகின்றன. காரணம் தருக.' பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

தேர்வுப் பிரிவு. கிளார்க் அக்கா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"ஏனுங்க அம்மணி, உங்க கிளாஸுக்கு அஞ்சு ஃபாரம் வாங்கிட்டுப் போனாங்களே. இதா, கையெழுத்து. எட்டாந்தேதி. ஒண்ணுகூடத் திரும்பி வரலீங்க."

தா.வின் கையெழுத்து. அந்தச் சுழித்த இங்கிலீஷ் 'டி'யைப் பச்சை நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் பார்த்தவள் நான்.

மதியம் மரத்தடியில் பிடித்தேன். முதலில் "மறந்துட்டேன்டி." பிறகு "உனக்கு இங்கிலீஷ் பழகட்டும்னு நெனச்சேன்." பதிவேட்டில் எட்டாந்தேதிக் கையெழுத்தைப் பார்த்ததைச் சொன்னேன். பிறகுதான் நிஜம் வந்தது.

"சொல்லியிருந்தா நீ பாட்டுக்குத் தமிழ்ல எழுதிட்டுப் போயிருப்ப. எங்கூட எதுக்கு உக்காரப் போற? எனக்கு யாரு சொல்லித் தருவா?"

"நான் சொல்லித் தந்திருப்பேன்டி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க கௌசி."

எல்லாரும்! உயிரியலில் எனக்குத் தெரிந்ததை யார் கேட்டும் நான் இல்லை என்றதில்லை. பத்தாவதில் பேசாமல் சண்டையில் இருந்தவளுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தேன். பதினைந்து நாள் தோள் உரசி உட்கார்ந்திருந்தவளுக்கு என்னைப் பற்றி இது தெரியவில்லை. அன்றைக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டு "அடுத்தது என்ன" என்றாளே, அப்போது ஃபாரம் ஐந்தும் அவள் பைக்குள்தான் இருந்திருக்கும். மார்க் போனதைவிட இதுதான் எரிகிறது.

இனி தா. கிடையாது. தாரணி. முழுதாகவே எழுதிக்கொள்கிறேன், கை வலித்தால் வலிக்கட்டும்.

அம்மாவிடம் 54 என்று மட்டும் சொன்னேன். "உடு சாமி, போவுது" என்று தலையைத் தடவினாள்.

ஜூலை 28, திங்கள்

மறுபடி சாரல். குடை கிடைத்தது, ஒரு கம்பி போச்சு.

அடிப்படை உயிரியல், முதல் வகுப்பு. தாரணியின் இடம் காலி. அவள் லேபில்.

செல்லை உப்புக் கரைசலில் போட்டால் என்ன ஆகும் என்று மேடம் கேட்டார். நான் எழுந்து, இங்கிலீஷில் ஆரம்பித்துத் திக்கி நின்றேன்.

"தமிழ்லயே சொல்லு கண்ணு. இங்க யாரு என்ன கேக்கப்போறாங்க?"

சொன்னேன். சவ்வு, தண்ணீர் வெளியேறுவது, செல் சுருங்குவது, இலை வாடுவது. ஐந்து நிமிடம். பின்வரிசை வரை எழுதிக்கொண்டது. மேடம் மார்க்கரைக் கையில் கொடுத்துப் படமும் போடச் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் பவானியிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி, நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி.

"ஏனுங்க, எனக்கும் இப்படிச் சொல்லித் தர்றீங்களா? நானும் கம்ப்யூட்டர் குரூப்புங்க. ஒண்ணுமே புரியலீங்க."

"எனக்கு நேரமில்லை" என்றேன்.

நேரம் இருந்தது. அடுத்த பீரியட் ஃப்ரீ.

"சரிங்க" என்று போய்விட்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.